வடிகால் முகத்துவாரம் மணல் அடைத்துக் கிடக்கிறது, மழைக்கு முன்னே வெட்டலாமா?

கடைமடைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். பூம்புகாருக்குத் தெற்கே, கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். வயல் தண்ணீர் எல்லாம் ஒரு வடிகாலில் விழுந்து ஊருக்குக் கிழக்கே கடலில் சேர வேண்டும். ஆனால் மாசி, பங்குனியிலேயே அதன் வாய் அடைத்துவிடுகிறது. போன வாரம் போய்ப் பார்த்தேன். தண்ணீருக்கும் கடலுக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு மணல். அடப்பங்கொடி படர்ந்து கிடக்கிறது, அதன் மேல் ஆடுகள் நடந்து போகின்றன.

2022 நவம்பர் 11 யாருக்கும் மறந்திருக்காது. சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை. எங்கள் பக்கமும் நட்டு ஒரு மாதம்கூட ஆகாத சம்பா தண்ணீருக்குள் போய்விட்டது. முகத்துவாரம் உடைத்துக்கொண்டது என்று சேதி வந்த பிறகும் வயலில் தண்ணீர் இறங்கவில்லை. அழுகிய பயிரை மறுபடி உழுது, நாற்று தேடி அலைந்த வருஷம் அது.

இந்த வருஷம் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, புரட்டாசியிலேயே பொக்லைன் வைத்து வாயை வெட்டிவிடலாம் என்று ஊரில் பேச்சு. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "தண்ணி வந்தா அதுவே வெட்டிக்கும், நீ எதுக்குக் காசைக் கொட்டுற" என்கிறார். இந்த மணல் எங்கிருந்து வருகிறது, மேட்டூர் திறந்த பிறகும் ஏன் அடைத்தே கிடக்கிறது, ஆறு தானாக எப்படி உடைக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஊர்க்கூட்டம் சீக்கிரம் நடக்கப் போகிறது.

பழைய லஸ்கர்

தம்பி, நான் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் கடைமடைப் பகுதியில்தான் வேலை. ஷட்டர் ஏற்றுவது, இறக்குவது, ஸ்கேலில் தண்ணீர் மட்டம் பார்த்து நோட்டில் எழுதுவது. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன், ஊர்க்கூட்டத்துக்கு உதவட்டும்.

புரட்டாசியில் வெட்டாதீர்கள். பணம் மணலோடு போய்விடும்.

அந்த மணலை ஆறு கொண்டுவந்து போட்டதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். உங்கள் வடிகாலில் வருவது வயல் சேறு. மேட்டில் ஒரு பிடி அள்ளிப் பாருங்கள், சேறு கையில் ஒட்டாது, சிப்பித் தூள் கலந்த கடல் மணலாக இருக்கும். பங்குனியில் தென்காற்று எடுத்தது முதல் புரட்டாசி வரை நம் கரையில் அலை தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மோதும். ஒவ்வொரு அலையும் கொஞ்சம் மணலை வடக்கே நகர்த்திவிட்டுத்தான் திரும்பும். ஆற்றில் ஓட்டம் இருந்தால் வாய்க்கு நேரே வரும் மணலைக் கடலுக்குள் தள்ளிவிடும். ஓட்டம் நின்றுவிட்டால் தெற்குக் கரையிலிருந்து மணல் முனை வடக்கே வளர்ந்து வளர்ந்து எதிர்க்கரையில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அலை மேலே ஏறி ஏறி மணலைப் போட்டு மேட்டை உயர்த்தும். ஐப்பசி கடைசியில் வாடை அடிக்கத் தொடங்கினால் மணல் தெற்கே திரும்பும், ஆனால் அது நாலு மாதச் சங்கதி. வருஷக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம்.

மேட்டூரைக் கேட்டீர்கள். ஜூன் 12இல் திறந்தாலும் அது பாசனத்துக்கு அளந்து விடுகிற தண்ணீர். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, அதற்கப்புறம் கிளைக்குக் கிளை மதகு. காவிரிக்கே மேலையூரில் கடையணை இருக்கிறது, அதைத் தாண்டிக் கடலுக்குப் போவது சொற்பம். பெருவெள்ளம் வந்தால் முக்கொம்பிலேயே கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடுவார்கள். 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து 2 லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள், முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்கத்து மதகுகளே இடிந்து போயின. அத்தனை தண்ணீரும் பழையாறு பக்கம் கடலில் கலந்த அதே நாட்களில், கடைமடையில் வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று விவசாயிகள் குமுறிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய வெள்ளம் உங்கள் வடிகாலை எட்டிக்கூடப் பார்த்திருக்காது. அதற்கு வாய் திறக்க உள்ளூர் மழை ஒன்றுதான் வழி.

இனி உடைக்கும் விதம். மழைத் தண்ணீர் மேட்டுக்குப் பின்னால் தேங்கி மட்டம் ஏறிக்கொண்டே வரும். மேட்டில் எங்கே தாழ்வோ அங்கே முதலில் மெல்லிசாக வழியும், கணுக்கால்கூட நனையாது. பார்க்கிறவனுக்கு ஒன்றும் தோன்றாது. ஆனால் அது கடல் பக்கச் சரிவில் இறங்கும்போது வேகம் பிடிக்கும். அரிப்பு அங்கேதான் தொடங்கும், கடல் பக்கத்து அடியில். மழையில் வரப்பு உடைவதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? மேல்வயல் தண்ணீர் வழிந்து, கீழ்வயல் பக்கத்து அடியில் குழி விழுந்து, அந்தக் குழி பின்னாலேயே நகர்ந்து மேல்வயலைத் தொட்டதும் வரப்பே போய்விடும். இதுவும் அதேதான். குழி பின்வாங்கிப் பின்வாங்கி ஆற்றுப் பக்கத்தைத் தொடும் வரை மணிக்கணக்கில் இழுக்கலாம். தொட்டுவிட்டால் பிறகு யாரும் நிறுத்த முடியாது. இரண்டு கரையும் கட்டி கட்டியாகச் சரிந்து விழும், காலையில் தாண்டிப் போன இடத்தை மாலையில் படகில்லாமல் கடக்க முடியாது. அந்தச் சமயத்தில் ஓரத்தில் யாரையும் நிற்க விடாதீர்கள், பிள்ளைகளை முக்கியமாக. மேலே கெட்டியாகத் தெரியும், கீழே ஒன்றும் இருக்காது.

ஆகவே மணலை வெட்டுகிற வேலையைச் செய்வது பின்னால் நிற்கும் தண்ணீரின் உயரம். புரட்டாசியில் அந்த உயரம் உங்களிடம் இல்லை. அப்போது வெட்டினால் தேங்கியிருக்கிற கொஞ்சம் தண்ணீரும் ஓடிவிடும், ஓதம், அதாவது தினமும் ஏறி இறங்கும் கடல் மட்டம், ஏறும்போது உப்புத் தண்ணீர் உள்ளே வரும், சில நாளில் அலை மறுபடி மணலைப் போட்டு மூடிவிடும். மழை வரும்போது வாய் பழையபடி இருக்கும், கையில் காசு இருக்காது.

வெட்டும் வேளை இன்னும் முக்கியம். 2008 நிஷா புயல் மழையின்போது நான் இருந்த பகுதியில் ஒரு வடிகால் வாயை வெட்டினார்கள். வேலை எடுத்தவர் இயந்திரம் வந்த கையோடு வெட்டச் சொல்லிவிட்டார். ஓதம் ஏறிக்கொண்டிருந்த நேரம். கடலே உள்ளே வந்தது, வெட்டிய பள்ளத்தில் அலை மணலைக் கொட்டி நிரப்பியது. மறுநாள் ஓதம் வற்ற ஆரம்பித்ததும் அதே இடத்தில் ஊர் ஆட்கள் மண்வெட்டியால் இடுப்பகலத்துக்கு ஒரு வாய்க்கால் இழுத்தார்கள். பொழுது சாய்வதற்குள் அது ஆறாகிவிட்டது. அன்றைக்குப் பிறகு இயந்திரத்தின் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது, ஓதத்தின் மேல் உண்டு.

உங்கள் அப்பா சொல்வது முக்கால்வாசி சரி. ஆனால் "அதுவே வெட்டிக்கும்" என்று விட்டால் மேடு உயரும் அளவுக்குத் தண்ணீரும் ஏறித்தான் ஆக வேண்டும். அந்த மட்டத்தில் உங்கள் வயல் முழுகியிருக்கும். அதனால் தயாராக இருந்து, சரியான வேளையில், கொஞ்சமாக வெட்டிக்கொடுக்க வேண்டும்.

கரைவலை

நான் தரங்கம்பாடி பக்கத்து மீனவன். லஸ்கர் ஐயா சொன்னதில் பாதி எனக்கும் சம்மதம். ஆனால் வாய் அடைத்தே கிடந்தால் பரவாயில்லை என்பது போலப் படிக்கிறவர்களுக்குத் தோன்றிவிடக் கூடாது. வாய் மூடிக் கிடக்கிற மாதங்களில் உள்ளே இருக்கிற தண்ணீர் வெயிலில் பச்சையாகி நாறும். இறால் குஞ்சு கடலிலிருந்து கழிக்குள், அதாவது வாய்க்கு உள்ளே தேங்கும் உவர்நீருக்குள், வந்து வளர்ந்து, பெரிதானதும் கடலுக்குத் திரும்பும். மடவை, கொடுவா இரண்டும் இப்படி உள்ளே வெளியே போய்வருகிற மீன்தான். வாய் மூடினால் இதெல்லாம் கிடையாது. கழியில் வலை வீசிப் பிழைக்கிற பெண்களும் வயசாளிகளும் எங்கள் ஊரில் நிறைய, அவர்கள் பாடு யாருக்கும் கணக்கில் வருவதில்லை.

எங்கே வெட்டுவது என்பதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். நேரே, ஆற்றின் நடுவுக்கு எதிரே வெட்டத்தான் எல்லோருக்கும் கை போகும். அப்படிச் செய்யாதீர்கள். பௌர்ணமி, அமாவாசை ஓதத்தில் அலை எந்த இடத்தில் மேட்டைத் தாண்டி உள்ளே சொட்டுகிறது என்று பாருங்கள், அங்கேதான் மேடு தாழ்வு. போன வருஷம் வாய் இருந்த இடமும் நல்ல இடம், அங்கே மணல் பொதுபொதுவென்று இருக்கும், கொடி பிடித்திருக்காது. அடப்பங்கொடி படர்ந்த இடம் பல வருஷமாக நின்ற மேடு, அதைத் தொட வேண்டாம். புயலில் ஊருக்கு அது அரண்.

வாய் திறந்த அன்றைக்கு ஃபைபர் படகு எடுக்காதீர்கள் என்று எங்கள் பையன்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. உள்ளிருந்து வேகமாக வருகிற தண்ணீரும் கடலிலிருந்து வருகிற அலையும் முட்டுகிற இடத்தில் அலை செங்குத்தாக எழும். அதில் படகு குறுக்கே திரும்பினால் கவிழ்ந்துவிடும்.

நாங்கள் கேட்பது வாயின் இரண்டு பக்கமும் கல் போட்டுக் கடலுக்குள் நீளும் சுவர், அதாவது தூண்டில் வளைவு. வாய் நிரந்தரமாகத் திறந்திருக்கும். விவசாயிகளுக்கும் அது நல்லதுதானே?

கடலோர மண்ணியல்

கடற்கரை மாற்றங்களைப் பற்றிப் படிக்கும் மாணவி நான். சொந்த ஊர் திருவாரூர் பக்கம். லஸ்கர் ஐயா அனுபவத்தில் சொன்னதைக் கணக்கில் சரிபார்த்தேன், அப்படியே பொருந்துகிறது.

உள்ளே தண்ணீர் கடலை விட ஒரு மீட்டர் உயரத்தில் நின்றால், உராய்வைக் கழிக்காமல் பார்த்தால் நொடிக்கு 4.4 மீட்டர் வேகம் வரும். அரை மீட்டர்தான் என்றால் 3.1 மீட்டர். நிஜத்தில் இதை விடக் குறையும், ஆனாலும் கடற்கரை மணல் நகர இதில் பத்தில் ஒரு பங்கு வேகம் போதும். வேகம் இரட்டிப்பானால் மணல் சுமக்கும் திறன் எட்டு மடங்குக்கும் மேல் கூடும். அதனால்தான் அரை அடி மட்ட வித்தியாசம்கூட உடைப்பில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவருகிறது, ஓதம் வற்றும் வேளை அவ்வளவு முக்கியமாகிறது. நம் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. கடைமடை நிலமும் கடல் மட்டத்துக்கு மேல் ஓரிரு மீட்டர்தான், அதனால் அந்தக் குறைந்த வித்தியாசத்தையும் வீணாக்க முடியாது.

ஏற்ற இறக்கம் குறைவு என்பதுதான் வாய் அடைப்பதற்கும் காரணம். ஒவ்வொரு ஓதத்துக்கும் உள்ளே போய்த் திரும்பும் தண்ணீர் நிறைய இருந்தால் மழை இல்லாத காலத்திலும் அதுவே வாயைத் துடைத்துவிடும். சின்ன வடிகாலில் அந்த அளவு கிடையாது. கொள்ளிடத்தின் வாய் அகலம், கழியும் பெரிது, வெள்ளமும் போகிறது, அதனால் அங்கே நிலைமை வேறு. கோடியக்கரையைச் சுற்றி மேற்கே போனால் இன்னும் வேறு. பாமணி, கோரையாறு சேரும் முத்துப்பேட்டைக் கழிமுகத்தில் அலை அடங்கிவிடுகிறது, அங்கே மணல் மேட்டுக்குப் பதில் சேறும் அலையாத்திக் காடும்.

கரைவலை அண்ணன் கேட்ட தூண்டில் வளைவு பற்றி: வாய் திறந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் தெற்குச் சுவரில் தங்கிவிடும், வடக்கே உள்ள ஊருக்கு மணல் வராது, கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினா அகலமானதும் வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்ததும் இதே காரணத்தால்தான். அதனால் நம் ஊருக்கு மட்டும் என்று பார்க்க முடியாது, அடுத்த குப்பத்தையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். அதோடு நிரந்தரமாகத் திறந்த வாய் வழியே உப்பு ஏறும். அதைத் தடுக்கக் கடைமடையில் கதவை ஏற்றி இறக்கும் இயக்கு அணை வேண்டும்.

கடைசியாக ஒன்று. கடற்கரையில் வெட்டுவது கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளுக்குள் வருகிறது. நீர்வளத்துறை மூலமாக, மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிந்துதான் செய்ய வேண்டும். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை என்ற கடல் ஆமைகள் நம் கரையில் முட்டையிட வரும், அந்த மாதங்களில் மேட்டைக் கிளறவே கூடாது.

கடைமடைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், "முக்கால்வாசி சரி" என்ற இடத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

லஸ்கர் ஐயா, ஒரு சந்தேகம். 2022இல் வாய் உடைத்த பிறகும் எங்கள் வயலில் தண்ணீர் இறங்கவே இல்லையே, அது ஏன்? வெட்டுவதற்கு இல்லை என்றால் சேர்க்கிற பணத்தை எதில் போடுவது?

பழைய லஸ்கர்

இதைத்தான் கேட்க மாட்டீர்களா என்று காத்திருந்தேன் தம்பி.

இரண்டு காரணம் இருக்கும். ஒன்று கடல். மழை கொட்டுகிற அதே நேரத்தில் கடலில் தாழ்வு மண்டலமோ புயலோ நிற்கும். காற்று தண்ணீரைக் கரையில் ஏற்றி வைத்திருக்கும், அலையும் பெரிது. வாய் திறந்திருந்தாலும் வெளியே மட்டம் உயர்ந்திருந்தால் தண்ணீர் போகாது. அதற்கு நாம் செய்ய ஒன்றுமில்லை, காற்று இறங்க வேண்டும்.

இன்னொன்று நம் கையில் இருப்பது. வயலுக்கும் முகத்துவாரத்துக்கும் நடுவே உங்கள் வடிகால் எப்படி இருக்கிறது என்று கரையோரமாக நடந்து பாருங்கள். நான் பார்த்த வடிகால்களில் பாதிக்கு மேல் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அடைத்து, கரையில் சீமைக் கருவேலம் சாய்ந்து, அங்கங்கே வண்டி போக மண்ணைக் கொட்டிப் பாதை போட்டு, அடியில் ஒரு சிமெண்ட் குழாய். முகத்துவாரத்தில் வாய் திறந்து தண்ணீர் சரசரவென்று இறங்கும், நாலு வளைவு தள்ளி உங்கள் வயலில் மட்டம் அசையாது. கடல் பக்கம் ஓட்டம் குறைந்ததும் அலை வாயை மறுபடி மூடிவிடும். வயலில் நிற்கிற தண்ணீர் வேகமாக வந்து சேர்ந்தால்தான் வாயும் திறந்து நிற்கும். ஒன்று இல்லாமல் இன்னொன்று இல்லை.

அதனால் பணத்தை அங்கே போடுங்கள். ஆவணி, புரட்டாசியில் காட்டாமணக்கை வேரோடு எடுத்துக் கரைக்கு மேலே போடுங்கள். வெட்டித் தண்ணீரிலேயே விட்டால் துண்டுக்குத் துண்டு முளைக்கும். வண்டிப் பாதைக் குழாய் சின்னதாக இருந்தால் துறைக்கு மனு கொடுத்துப் பெரிதாக்கச் சொல்லுங்கள். இது ஒரு வருஷத்தில் முடியாது, விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

வடிகாலில் இரண்டு இடத்தில் ஸ்கேல் நடுங்கள். ஒன்று உங்கள் வயல் பக்கம், ஒன்று மேட்டுக்குப் பின்னால். சிமெண்ட் கம்பத்தில் பெயிண்ட் அடித்தால் போதும், ஆனால் இரண்டுக்கும் பூஜ்ஜியக் கோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், லெவல் பார்க்கிற ஆளை வைத்துச் செய்யுங்கள். மழை நாளில் இரண்டையும் படித்தால் அடைப்பு எங்கே என்று அதுவே சொல்லிவிடும். வயலில் உயரமாகவும் மேட்டருகே தாழ்வாகவும் இருந்தால் நடுவில் அடைப்பு. இரண்டும் ஒரே மட்டமாக ஏறினால் வாயில் அடைப்பு, அப்போதுதான் வெட்ட வேண்டும். வெட்டும்போது கடல் பக்கத்திலிருந்து உள்ளே இழுத்து வாருங்கள், ஆற்றுப் பக்கம் கடைசி கொஞ்சத்தை விட்டுவைத்து, ஓதம் வற்றத் தொடங்கியதும் அதை எடுங்கள். நாகப்பட்டினத்துக்கான ஓத அட்டவணையை இந்திய நில அளவைத் துறை வருஷா வருஷம் வெளியிடுகிறது. ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போகும், நேற்றைய நேரத்தை இன்று நம்பாதீர்கள். கரைவலைத் தம்பி மாதிரி கடல் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், எந்த இடம் என்று அவர்களை விட நமக்குத் தெரியாது.

பள்ளத்து வயல் எது எது என்று உங்களுக்கே தெரியும். அதில் மட்டும் சி.ஆர். 1009 சப்-1 போடுங்கள். தண்ணீருக்குள் இரண்டு வாரம் வரை தாங்கக்கூடிய நெல் ரகம். புயல் காற்று இறங்கி வாய் வேலை செய்ய ஆரம்பிக்கும் வரை பயிர் உயிரோடு இருந்தால் போதும்.

கடைமடைக்காரன்

சரிங்க ஐயா. கூட்டத்தில் பொக்லைன் பேச்சை நிறுத்திவிட்டுக் காட்டாமணக்கில் தொடங்கலாம் என்று சொல்லப் போகிறேன். ஸ்கேலுக்கு லெவல் பார்க்க ஆள் பூம்புகார் பக்கமே கிடைப்பார். கரைவலை அண்ணே, ஐப்பசி அமாவாசைக்கு முன்னால் ஒரு நாள் எங்கள் வாய்ப் பக்கம் வந்து இடத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? உங்கள் ஊர்ப் பெண்கள் வலை வீசுவது எங்கள் வடிகால் கழியிலும்தான் என்று அப்பா சொல்கிறார். அவர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடலாம் என்று இருக்கிறேன்.

கரைவலை

வருகிறேன் தம்பி. சதுர்த்தசி அன்றைக்கு வாருங்கள், ஓதம் ஏறும்போது பார்த்தால்தான் தாழ்வு தெரியும். நான் கூட இரண்டு பேரை அழைத்து வருகிறேன், கூட்டம் எப்போது என்று இங்கேயே போடுங்கள்.